1972 எம்.ஜி.பி: ஆயில் குடிக்கும் இன்ஜினை இறக்குவதா, மாற்றுவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி 1972 எம்.ஜி.பி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், குரோம் பம்பர், திறந்த கூரை. ஓடும்போது நீலப் புகை, ஆயில் குறைகிறது, நிறுத்திய இடத்தில் பெல்ஹவுசிங்குக்கு (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவ உறை) நேர் கீழே சொட்டு. இருக்கிற இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பதா, இன்னொரு 1800 சி.சி. இன்ஜின் வாங்கி மாட்டுவதா, இறக்குவதோடு இறக்குவதாக ரோவர் நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஒரு நண்பரும், இன்ஜினைத் தூக்கும் வாடகை ஹாய்ஸ்டும் இருந்தால் வீட்டிலேயே முடியுமா என்பது கூடுதல் கேள்வி. முடியும். எம்.ஜி.பி இன்ஜின் அறையில் கை போக இடம் இருக்கிறது, பெரும்பாலான போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரியும், உதிரிப் பாகங்களும் இன்றும் கிடைக்கின்றன. இறக்குவது இதில் எளிய பகுதி. இன்ஜினுக்கும் வண்டிக்கும் நடுவில் நிற்கும் சாமான்கள்தான் ஆட்டம் காட்டும்: பின்தகடு (பிளாக்கின் பின்முனைத் தகடு), ஃப்ளைவீல் (கிராங்க் ஷாஃப்டின் முனையில் உள்ள கனத்த சக்கரம்), ஸ்பிகாட் புஷ் (கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனை உட்காரும் வளையம்), ரப்பர் தாங்கிகள், எர்த் பட்டை (இன்ஜினை உடலோடு மின்சாரம் போக இணைக்கும் பட்டை). இவற்றைத் தூக்குவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் இன்ஜின் ஒரே தடவையில் உட்காரும். விட்டுவிட்டால் இரண்டாவது தடவை இறக்க நேரும்.

அதற்கும் முன்னால், இன்ஜின் இறங்கத்தான் வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். நீலப் புகை எப்போது வருகிறது என்பதே பாதி விடை. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது ஒரு குப்பென்று வந்து நின்றால் வால்வ் கைடுகளும் (வால்வ் தண்டு ஓடும் குழல்கள்) அவற்றின் சீல்களும் சந்தேகத்துக்குரியவை; ஹெட்டை வண்டியிலேயே கழற்றிச் சரிசெய்யலாம். இழுவையில் ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும். இன்ஜின் சூடான பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து மீட்டரால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) எடுங்கள். நான்கு அளவுகளும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். ஆயில் பிரஷர் நன்கு சூடான இன்ஜினில், ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் நின்றால் பேரிங்குகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஐடிலில் 15, 20 என்று இறங்குவது இந்த இன்ஜினுக்கு இயல்பு. ஓட்டத்திலேயே 30ஐத் தாண்டவில்லை என்றால் இறக்கத்தான் வேண்டும். ஆனால் டாஷ்போர்டு மீட்டரை மட்டும் நம்பி அந்த முடிவுக்கு வராதீர்கள்; ஐம்பது வயதான மீட்டர் அது. தனி மீட்டர் ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெல்ஹவுசிங் சொட்டைப் பலரும் கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பல வண்டிகளில் அது சீல் இல்லை. இன்ஜினின் இடது பக்கம், மேனிஃபோல்டுகளுக்குக் கீழே இரண்டு டேப்பெட் மூடிகள் (வால்வுகளை இயக்கும் டேப்பெட்டுகள் இருக்கும் அறையின் பக்கத் தகடுகள்) இருக்கின்றன. பின்பக்க மூடியின் கேஸ்கட் கசிந்தால் ஆயில் பிளாக்கின் ஓரமாக வழிந்து பின்தகட்டை அடைந்து, கீழே சீல் கசிவு போலவே சொட்டும். ராக்கர் மூடியின் பின்முனையிலிருந்து வழிவதும் இதே பாதையில்தான் வரும். பிளாக்கின் பின்பக்கத்தை நன்றாகக் கழுவி உலர்த்தி, மாவுப் பவுடர் தூவி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்க டேப்பெட் மூடியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மூச்சுக் குழாயையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் கூடி, நல்ல சீலையும் கசிய வைக்கும், ஆயிலையும் புகையாக்கும். அதைச் சுத்தம் செய்வது அரை மணி நேர வேலை. இவ்வளவும் பார்த்த பிறகும் ரிங், பேரிங், சீல் என்று விரல் காட்டினால் இறக்குங்கள்.

இப்போது எந்த இன்ஜின் என்ற கேள்வி. உங்களுடையது பி-சீரிஸ் என்ற 1798 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜின். எம்.ஜி.பி 1962இல் வந்தபோது மூன்று மெயின் பேரிங் (கிராங்க் ஷாஃப்டைத் தாங்குபவை) உள்ள இன்ஜின். 1964 இறுதியில் ஐந்து மெயின் பேரிங் ஆனது. 1967 இறுதியில் நான்கு கியருக்கும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) உள்ள கியர்பாக்ஸ் வந்தபோது பின்தகடு, ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் எல்லாம் மாறின. 1974இன் இரண்டாம் பாதியில் ரப்பர் பம்பர் வந்தபோது இன்ஜின் தாங்கிகளும், அவை பூட்டப்படும் இன்ஜினின் முன்தகடும் மாறின. இந்த மூன்று எல்லைக்கோடுகளையும் மனதில் வைத்துக்கொண்டால் பழைய இன்ஜின் வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள். உங்கள் 1972 வண்டிக்கு 1968 முதல் 1974 வரையிலான இன்ஜின் ஏறத்தாழ நேராக உட்காரும். ரப்பர் பம்பர் காலத்து இன்ஜின் கிடைத்தால் உங்கள் பழைய இன்ஜினின் முன்தகட்டைக் கழற்றி அதில் மாட்ட வேண்டும். அதற்கு டைமிங் மூடியையும் செயினையும் எடுத்தாக வேண்டும், எனவே இன்ஜின் வெளியில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். 1967க்கு முந்தைய இன்ஜினாக இருந்தால் பின்தகடும் ஃப்ளைவீலும் உங்கள் கியர்பாக்ஸுக்குரியவையாக இருக்க வேண்டும், ஸ்பிகாட் புஷ்ஷின் அளவும் வேறு. மூன்று பேரிங் இன்ஜினை இந்த வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்காவுக்கு அனுப்பிய பிற்கால இன்ஜின்களில் கம்ப்ரஷன் விகிதம் 8:1 அளவுக்குக் குறைக்கப்பட்டது. பொருந்தும், ஆனால் உங்கள் பழைய இன்ஜினைவிட மந்தமாக இருக்கும். எனவே விற்பவர் சொல்லும் ஆண்டை விட்டுவிட்டு, பிளாக்கில் ரிவெட் அடித்த தகட்டில் உள்ள முன்னெழுத்துகளை வாசியுங்கள். 18ஜி என்றா 18வி என்றா, அடுத்து என்ன எழுத்து என்பதைக் குறித்துக்கொண்டு பிறகு பேசுங்கள்.

வாங்கும் இன்ஜினைத் தரையில் வைத்து நாலு சுற்று கையால் சுற்றிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்ற அனுமதி கேளுங்கள். ஒரு மெயின் பேரிங் மூடியையும் ஒரு பிக் எண்ட் (பிஸ்டன் தண்டான கான்ராடின் கீழ்முனை) மூடியையும் கழற்றி, உள்ளே இருக்கும் பேரிங் ஷெல்லின் நிறத்தையும் பின்புறம் பதித்திருக்கும் அளவையும் பாருங்கள். சாம்பல் நிறம் நல்லது. தாமிர நிறம் எட்டிப் பார்த்தால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது. பின்புறத்தில் 010, 020 என்று இருந்தால் கிராங்க் ஷாஃப்ட் ஏற்கெனவே அரைக்கப்பட்டிருக்கிறது. சம்ப்பைத் திறக்க விடாத இன்ஜினுக்கு, ‘ஓவர்ஹால் செய்தது’ என்ற பேச்சுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதை முழுக்க வேலை பார்க்க வேண்டிய பிளாக் என்று எண்ணியே விலை பேசுங்கள். அப்படி எண்ணும்போது, உங்கள் சொந்த இன்ஜினையே வேலை பார்ப்பது பெரும்பாலும் நல்ல கணக்காக இருக்கும். இன்ஜின் எண் பதிவுச் சான்றோடு ஒத்துப்போகும், மதிப்பு குறையாது, பொருந்துமா என்ற கவலையே இல்லை. பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, கான்ராடு உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ மட்டும்தான் மாற்று இன்ஜினைத் தேடுவேன்.

ரோவர் வி8 பற்றி ஆர்வமாகக் கேட்டிருக்கிறீர்கள், அந்த ஆர்வம் நியாயமானது. ப்யூக் 215 என்ற அமெரிக்க அலுமினிய இன்ஜினின் உரிமையை ரோவர் வாங்கி 3528 சி.சி.யாக வெளியிட்டது. முழுக்க அலுமினியம் என்பதால் அதன் எடை இரும்பு பி-சீரிஸின் எடைக்குக் கிட்டத்தட்ட சமம். எம்.ஜி.பியின் உடன்பிறப்பான எம்.ஜி.சி.யில் இரும்பு ஆறு சிலிண்டரைப் போட்டபோது மூக்குப் பக்கம் ஏறிய சுமையும் மந்தமான ஸ்டீயரிங்கும் இதில் இல்லாததற்குக் காரணம் அதுதான். கென் காஸ்டெல்லோ என்பவர் இந்த மாற்றத்தைத் தொழிற்சாலைக்கு முன்பே செய்து விற்றார். 1973 முதல் 1976 வரை தொழிற்சாலையும் 2591 ஜிடி (மூடிய கூரை) வி8 வண்டிகளைச் செய்தது. எனவே செய்யக்கூடியது என்பது உறுதி. ஆனால் உங்கள் 1972 உடலில் அது வெறும் இன்ஜின் மாற்றமாக நிற்காது. இன்ஜின் தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். ஸ்டீயரிங் ஷாஃப்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடம் போதாது. ஒன்று தொழிற்சாலை வி8இன் நெருக்கமான வார்ப்பு மேனிஃபோல்டுகள் வேண்டும், அல்லது உள் விங்கில் ஓட்டை வெட்டி வெளியே எடுக்கும் குழாய்கள் வேண்டும். ரேடியேட்டர் முன்னால் நகர வேண்டும், மின்விசிறிகள் வேண்டும், ஐந்து கியர் பெட்டி போட்டால் டனலை (கியர்பாக்ஸை மூடும் தரை மேடு) அடித்து விரிக்க வேண்டும். நான்கு சிலிண்டர் வண்டியின் பின் ஆக்சில் விகிதம் 3.909, தொழிற்சாலை வி8இல் 3.07. விகிதத்தை மாற்றாமல் விட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் தேவையில்லாமல் அலறும். பிரேக்கையும் கூட்ட வேண்டும். பற்றவைப்பும் உலோக வேலையும் தெரிந்தவர் கூட இருந்தால் தவிர, முதல் இன்ஜின் வேலையாக இதை எடுக்காதீர்கள். எந்த இன்ஜினைப் போட்டாலும், எண்ணோ சி.சி.யோ மாறினால் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டியிருக்கும். உங்கள் பதிவு அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் என்ன கேட்கின்றன என்று சாமான் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

இனி இறக்கும் வேலை. இன்ஜினை மட்டும் தனியாக எடுக்கலாம், கியர்பாக்ஸோடு சேர்த்தும் எடுக்கலாம். தனியாக எடுத்தால் கியர் லீவர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் தாங்கி எதையும் தொட வேண்டாம். ஆனால் பெல்ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்கு ஸ்பேனர் போவது சிரமம். திரும்ப மாட்டும்போது, தொங்கும் இன்ஜினை நிலையாக நிற்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டோடு நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சேர்த்தே எடுக்கச் சொல்வேன். கீழே படுத்துச் செய்யும் வேலை கொஞ்சம் கூடும். கிளட்சைக் கண் முன்னால் தரையில் வைத்து இணைக்கலாம் என்ற வசதிக்கு அது தகும்.

ஹாய்ஸ்ட் வாடகைக்கு எடுக்கும்போது அதன் கை நீளத்தைக் கவனியுங்கள். ஒரு டன் என்று எழுதியிருப்பது கை உள்ளே இழுத்த நிலைக்கு. முழுக்க நீட்டினால் கால் டன்தான் தாங்கும் என்று கையிலேயே குறித்திருக்கும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும், எம்.ஜி.பியின் மூக்கும் நீளம். எனவே இரண்டு டன் ஹாய்ஸ்டே எடுங்கள், கூடவே சாய்வை மாற்ற உதவும் கைப்பிடி உள்ள லெவலர் ஒன்றும். ஸ்பேனர்கள் அங்குல அளவில் வேண்டும்: 7/16, 1/2, 9/16, 5/8 நான்கும் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். மில்லிமீட்டர் ஸ்பேனரை ‘ஏறத்தாழப் பொருந்துகிறது’ என்று மாட்டினால் நட்டின் முனைகள் உருண்டுவிடும்.

முதலில் பேட்டரி. உங்கள் ஆண்டு வண்டியில் இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் இருக்கும். எர்த் முனையைக் கழற்றுங்கள். பானெட் கீல்களைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டு பானெட்டை இருவராகத் தூக்குங்கள். தண்ணீர், இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் மூன்றையும் வடியுங்கள். ரேடியேட்டரை அது நிற்கும் தகட்டோடு சேர்த்தே எடுத்துவிடலாம், ஆயில் கூலர் குழாய்கள் அந்தத் தகட்டின் ஓட்டைகள் வழியாகப் போகின்றன என்பதை மறக்காதீர்கள். கூலர் குழாயின் இரண்டாவது நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாமல் திருகினால் கூலரின் முனை முறுகிப் போகும். பெட்ரோல் குழாயைக் கழற்றி மூடியால் அடைத்துவிட்டு கார்புரேட்டர்களை ஜோடியாகவே எடுத்து வையுங்கள். எக்ஸாஸ்ட் குழாயை மேனிஃபோல்டிலிருந்து பிரிப்பதற்காகக் கீழே உள்ள துருப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். மேனிஃபோல்டை ஹெட்டிலிருந்து கழற்றி, குழாயோடு சேர்த்தே இடது விங் பக்கமாக இழுத்துக் கம்பியால் கட்டிவிட்டால் போதும். வலது பக்கம் ஆல்டர்னேட்டர், ஆயில் ஃபில்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஸ்டார்ட்டர் ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் நிறம் இருந்தாலும் காகிதம் ஒட்டிப் படம் எடுத்து வையுங்கள். ஐம்பது ஆண்டுகளில் யாரோ ஒருவர் நிறத்தை மாற்றியிருப்பார்.

கிளட்சின் கீழ் சிலிண்டர் இரண்டு போல்ட்டில் பெல்ஹவுசிங்கோடு நிற்கிறது. ஹைட்ராலிக் குழாயைத் திறக்காமல் சிலிண்டரை மட்டும் கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். பிஸ்டன் வெளியே வராதபடி ஒரு கம்பி சுற்றி, கிளட்ச் பெடலில் ‘மிதிக்காதே’ என்று சீட்டு ஒட்டுங்கள். வண்டிக்குள் கியர் லீவரை எடுங்கள். அடியில் ஸ்பீடோமீட்டர் கேபிள், ஓவர்டிரைவும் (நெடுஞ்சாலை ஓட்டத்துக்கான கூடுதல் கியர்) ரிவர்ஸ் விளக்கும் இருந்தால் அவற்றின் ஒயர்கள், பிறகு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் இரு ஃபிளாஞ்சுகளிலும் பெயின்ட் கோடு போட்டுவிட்டு நான்கு நட்டையும் கழற்றுங்கள். ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் போல்ட் போட்டிருப்பதால் கியர்பாக்ஸின் வால் திறந்து ஆயில் கொட்டாது. ஸ்பீடோமீட்டர் கேபிள் இருந்த இடத்தில் கொஞ்சம் சொட்டும், அவ்வளவுதான். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக் கொடுத்து, பின் தாங்கியின் குறுக்குச் சட்டத்தைக் கழற்றினால் கியர்பாக்ஸ் மெதுவாக இறங்கி உடலோடு நிலையாக இருக்கும் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்காரும். தாங்கி ரப்பர்களுக்குக் கீழே தகட்டுத் துண்டுகள் இருந்தால் எந்தப் பக்கம், எத்தனை என்று எழுதுங்கள். கியர்பாக்ஸ் பக்கத்தில் பின்னலாகப் போகும் எர்த் பட்டை ஒன்று இருக்கும். அதைக் கழற்றாமல் தூக்கிக் கிழிப்பவர்கள் பலர்.

இப்போது ஒரு சிறு விஷயம், ஆனால் பலரும் மாட்டிக்கொள்வது. அடியில் வேலை பார்க்க முன்பக்கத்தை ஆக்ஸில் ஸ்டாண்டில் உயர்த்தியிருப்பீர்கள். தூக்குவதற்கு முன் அதை இறக்கி முன் சக்கரங்களைத் தரையில் வையுங்கள், பின்பக்கத்தை உயர்த்துங்கள். முன்பக்கம் உயர்ந்திருந்தால் ஹாய்ஸ்ட் எவ்வளவு தூக்கினாலும் சம்ப் வண்டியின் மூக்குத் தகட்டைத் தாண்டாது. தூக்குவதற்கு ராக்கர் மூடியின் ஸ்டட்டுகளில் செயினை மாட்டுவதை நான் விரும்புவதில்லை. கியர்பாக்ஸ் எடையோடு சாயும்போது அந்த ஸ்டட்டுகள் பக்கவாட்டில் இழுபடும். இரண்டு நெய்த ஸ்லிங் பட்டைகள் போதும்: ஒன்று முன்தகட்டின் தாங்கி இருக்கும் இடத்தைச் சுற்றி, இன்னொன்று பெல்ஹவுசிங்குக்கு அடியில். சம்ப்பின் மெல்லிய தகட்டைப் பட்டை நசுக்கக் கூடாது. கொஞ்சம் தூக்கி எடை ஹாய்ஸ்டுக்கு வந்ததும் தாங்கி நட்டுகளைக் கழற்றுங்கள். முன்முனை மேலே, வால் கீழே என்று செங்குத்தாகச் சாய்த்து, ஒருவர் ஹாய்ஸ்டைப் பார்க்க, மற்றவர் வாலையும் பிரேக் குழாய்களையும் பார்க்க, அங்குலம் அங்குலமாக வெளியே எடுங்கள். எங்காவது மாட்டினால் பம்ப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்ன தடுக்கிறது என்று தேடுங்கள். வெளியே வந்ததும் உயரத்திலேயே தொங்க விடாமல் தரைக்கு அருகே இறக்கிவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். அடியில் யாருடைய காலும் கையும் போகக் கூடாது.

பட்டறை வேலை பற்றிச் சுருக்கமாக. சிலிண்டரின் அடிப்படை அளவு 80.26 மி.மீ.; 20, 30, 40, 60 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதல் அளவுகளில் பிஸ்டன் கிடைக்கும். எவ்வளவு துளைப்பது என்பதை பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டே லேத் பட்டறை முடிவு செய்ய வேண்டும், முன்கூட்டியே துளைக்கக் கூடாது. 60 தவ் போனால் கிட்டத்தட்ட 1868 சி.சி. ஆகும், ஆனால் அடுத்த தடவைக்கு உலோகம் மிஞ்சாது. அதற்காக அவசரப்படாதீர்கள். ஹெட் கழற்றியிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின இருக்கைகள் போட்டால் ஈயம் இல்லாத பெட்ரோலுக்குக் கவலை இல்லை. மெதுவாக ஓட்டும் வண்டிக்கு அவை தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேகமாக நெடுந்தூரம் ஓட்டுவீர்கள் என்றால் போடுங்கள். இன்ஜின் வெளியில் இருக்கும்போது மாற்ற வேண்டியவை: பின் ஆயில் சீல், பிளாக்கின் பின்பக்க வெல்ஷ் பிளக் (ஓட்டையை அடைக்கும் தகட்டு மூடி), கிளட்ச் தட்டும் மூடியும் ரிலீஸ் பேரிங்கும், ஸ்பிகாட் புஷ், கியர்பாக்ஸ் முன் சீல், எல்லா ரப்பர் தாங்கிகளும். கார்பன் ரிலீஸ் பேரிங்குக்குப் பதில் உருளை பேரிங் போடலாமா என்றும் பலர் கேட்பார்கள். பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இல்லாதவருக்குக் கார்பன் பேரிங் போதும் என்பது என் கருத்து, இதை உறுதியான விதியாகச் சொல்ல மாட்டேன். ஃப்ளைவீல் போல்ட்டுகளுக்கு 40 பவுண்டு-அடி, பூட்டுத் தகடு புதிது. மெயின் பேரிங் நட்டுகளுக்கு 70, ஹெட் நட்டுகளுக்கு 45 முதல் 50 வரை. ஸ்பிகாட் புஷ்ஷை அடிப்பதற்கு முந்தின இரவு இன்ஜின் ஆயிலில் ஊற வையுங்கள்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் நேரம்தான் முழு வேலையின் மையம். கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தும் கருவியை, பழைய இன்புட் ஷாஃப்ட் ஆனாலும் பரவாயில்லை, பயன்படுத்துங்கள். கியர்பாக்ஸின் எடையை எந்த நொடியிலும் ஷாஃப்டின் மேல் தொங்க விடாதீர்கள். அப்படித் தொங்கினால் தட்டின் நடுப்பகுதி வளைந்து, பிறகு கிளட்ச் விடாது. அதற்கு ஒரே தீர்வு மறுபடி இறக்குவது. கடைசி ஒரு சென்டிமீட்டர் மூடவில்லை என்றால் போல்ட்டை முடுக்கி இழுக்கக் கூடாது. ஸ்ப்லைன் (ஷாஃப்டின் நீளப் பற்கள்) பொருந்தவில்லை, அல்லது ஷாஃப்ட் முனை புஷ்ஷுக்குள் போகவில்லை, அல்லது புஷ்ஷே தவறான அளவு. கியரில் போட்டுக் கியர்பாக்ஸ் வாலில் உள்ள ஃபிளாஞ்சை லேசாகச் சுற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால் கைத் தள்ளலில் உட்காரும். மாற்று இன்ஜின் வாங்கியவர்கள் அங்கேயே பெரும்பாலும் நின்றுபோவார்கள். அதனால்தான் ஃப்ளைவீல், பின்தகடு, புஷ் மூன்றையும் இரண்டு இன்ஜின்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதே அளந்துவிடச் சொல்கிறேன்.

வண்டிக்குள் இறக்கும்போது எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் பிடிக்க வையுங்கள். முன் தாங்கிகள், பிறகு பின் குறுக்குச் சட்டம். அந்தச் சட்டத்தின் போல்ட்டுகள் ஓட்டைகளைச் சந்திக்க மறுக்கும். கியர்பாக்ஸை ஜாக்கால் ஏற்றி இறக்கி, ஒரு கூர் கம்பியால் ஓட்டைகளை நேர்ப்படுத்தினால் போகும். எல்லாம் மரையைப் பிடித்த பிறகே முடுக்குங்கள். எர்த் பட்டையை இப்போதே மாட்டுங்கள். மறந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் திரும்பி, அவற்றைச் சூடாக்கி உருக்கிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் கீழ் இயக்கியைக் கழற்றியிருந்தால் அதை வெளியே எடுக்கவும் திரும்ப நிறுத்தவும் 5/16 மரை உள்ள நீண்ட போல்ட் ஒன்று போதும், ஆனால் முதல் சிலிண்டரின் கம்ப்ரஷன் முடிவைக் குறித்த பிறகே நிறுத்துங்கள். இந்த இன்ஜினின் எரிப்பு வரிசை 1-3-4-2. ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸில் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலே போக வேண்டும். பின் ஆக்சிலுக்குரிய ஈ.பி. ஆயிலை ஊற்றினால் ஓவர்டிரைவ் வழுக்கும்.

புது இன்ஜினை முதல் முறை இயக்குவதற்கு முன் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் பிரஷர் மீட்டரில் முள் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். காய்ந்த ஆயில் பம்ப் தானாக உறிஞ்சாவிட்டால், பிளாக்கின் பின்பக்கத்திலிருந்து கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஆயில் ஊற்றினால் பம்ப் நனைந்து இழுக்கத் தொடங்கும். முள் ஏறாமல் இயக்கிப் பார்க்க மனம் வரும், வேண்டாம். கேம் ஷாஃப்டும் டேப்பெட்டுகளும் புதிதாக இருந்தால், இயங்கிய நொடியிலிருந்து இருபது நிமிடம் 2000 சுற்றுக்கு மேல் நிறுத்தி ஓட்டுங்கள். ஐடிலில் விட்டால் கேமின் முனைக்கு ஆயில் தெறிக்காது, சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். துத்தநாகச் சேர்மம் போதிய அளவு உள்ள ஆயிலாக வாங்குங்கள். பழைய கேமும் அதன் அதே டேப்பெட்டுகளும் அதே இடத்துக்குத் திரும்பியிருந்தால் இந்த இருபது நிமிடம் தேவையில்லை. புது கேமுக்கு இந்த ஓட்டத்தை இடையில் நிறுத்த வேண்டி வரக் கூடாது, அதற்காகவே பெட்ரோல், தண்ணீர், டைமிங், தீயணைப்பான் எல்லாம் தயாராக இருக்கிறதா என்று சாவியைத் திருப்பும் முன் பாருங்கள். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்தே தண்ணீர் நிரப்புங்கள், இல்லாவிட்டால் காற்று தங்கி ஹெட் சூடேறும்.

இன்ஜின் ஒரு தடவை சூடாகி ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி சரிபார்த்து, வால்வ் இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம் வையுங்கள். முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டரை வெட்டிப் பார்த்து, காந்தத்தில் ஒட்டும் துகள் நிறைய இருந்தால் மேலே ஓட்டாமல் நிறுத்துங்கள். உங்கள் வண்டியைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: புகை கைடிலிருந்தா ரிங்கிலிருந்தா என்பது. நான்கு சிலிண்டர் கம்ப்ரஷன் அளவுகளையும், சூடான நிலையில் ஆயில் பிரஷரையும், தகட்டில் உள்ள இன்ஜின் முன்னெழுத்துகளையும் இங்கேயே எழுதுங்கள். ஹெட் மட்டும் கழற்றினால் போதுமா என்பதை அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.